கடலடியில் தலை சுற்றுவது ஏன்?

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலடியில் ஒருவருக்குத் திடீரெனத் தலை சுற்றினால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. இது ஏன் நேர்கிறது? பார்ப்போமா?

காது கேட்பதற்கு மட்டுமன்று; உடலின் சமநிலையைக் காப்பதும் அதன் வேலையே. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். உள்ளேயுள்ள நுண்ணிய உணர்மயிர்கள் வளையும். உடனே மூளைக்குச் செய்தி போகும்.

நீரில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. நடுச்செவியிலுள்ள காற்று சுருங்க, செவிப்பறை உட்புறம் இழுபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து ஊஸ்டேஷியன் குழல் வழியே காற்றுச் சென்று அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தாலோ அக்குழல் எளிதில் திறக்காது, செவிப்பறை கிழியக்கூடும்.

கிழிந்தால் குளிர்ந்த கடல்நீர் உள்ளே புகும். அருகிலுள்ள அரைவட்டக் குழலின் ஒரு பகுதி குளிரும். அங்குள்ள திரவம் அடர்த்தி கூடிக் கீழிறங்கும். தலை அசையவில்லை, திரவம் அசைகிறது. மூளையோ தலை சுழல்வதாக நம்பிவிடுகிறது!

வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது இதைக் கவனித்தார். குளிர்ந்த நீருக்குக் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன. வெதுவெதுப்பான நீருக்கு எதிர்ப்பக்கமாகத் துடித்தன. இதை ஆராய்ந்ததற்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி!

வேறு ஆபத்துகளும் உண்டு. மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழியலாம். குழாய்வழிக் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் இருப்பவரின் உடலில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகும். உட்செவியில் குமிழி தோன்றினால் கேட்கும் திறனும் சமநிலையும் நிலையாகவே கெடக்கூடும்.

குளிர்நீர் புகுந்ததால் வரும் சுழற்சி நிலைப்பதில்லை. உள்ளே புகுந்த நீர் உடல் சூட்டை அடைந்ததும் அது அடங்கிவிடும். எனவே, சுவாசிக்கக் காற்று உள்ளவர் பதறி நீந்தாமல் கயிற்றையோ பாறையையோ பற்றிக்கொள்ள வேண்டும். தாம் விடும் மூச்சுக் குமிழிகள் போகும் திசையே மேல் என்று அறியலாம்.

நீங்களும் சளி பிடித்திருக்கும்போது கிணற்றில் ஆழமாக முக்குளிக்காதீர்கள்!