பட்டு நூலும் மின்கம்பியும்: ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்

1729-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே, தேய்த்த கண்ணாடிக் குழாயில் பிறக்கும் மின்சாரத்தை ஒரு நீளக் கயிறு வழியே அனுப்பிப் பார்த்தார். அவர் சாயத்தொழில் குடும்பத்தில் பிறந்து அத்தொழிலையே செய்தவர். கயிற்றை வழிநெடுகப் பட்டு நூலில் தொங்கவிட்டிருந்தார். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. மெல்லிய பித்தளைக் கம்பியை மாற்றிக் கட்டியதும் மின்சாரம் மறுமுனைக்குப் போகவில்லை. கம்பி வழியே கசிந்துவிட்டது. மின்சாரத்தைக் காத்து நின்றது நூலின் மெலிவு அல்ல, பட்டு என்ற பொருள்தான் என்று அன்று புரிந்தது. கடத்தி, கடத்தாப் பொருள் என்ற பாகுபாடு பிறந்த கதை இதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் நெய்யும் ஒரு பட்டுப் புடவையிலேயே இந்த இரண்டும் உண்டு. உடலில் ஓடும் பட்டு இழை மின்சாரத்தை விடாது. அசல் ஜரிகையோ, பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது, தாராளமாக விடும். பட்டு காட்டும் இந்தத் தடுப்பைத்தான் மின்தடை என்கிறோம். இதற்குக் கணக்கு வகுத்தவர் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம். 1827-இல் அவர் வெளியிட்ட விதி மிக எளிது: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம். அவர் விதியில் சேராத இன்னொரு கணக்கும் உண்டு: அதே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட்.

இந்தக் கணக்கை வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். அதன் தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்றிருக்கும். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்து 180-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். கம்பியின் தடை ஏறக்குறைய அதே 53 ஓம்தான். ஆகவே 3.4 ஆம்பியர்தான் ஓடும். திறன் சுமார் 610 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது.

தறிக்கூடத்தில் ஜக்கார்டு தூக்கும் மோட்டாரோ தார் சுற்றும் மோட்டாரோ இருந்தால், அங்கே இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. ஓடும் மோட்டாரில் சுருளின் தடையைத் தவிர, சுழற்சியால் எழும் எதிர் மின்னழுத்தமும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அரை எச்.பி. மோட்டார் ஒன்றின் வயர்களில் ஒன்றை மட்டும் டாங் டெஸ்டர் என்ற கவ்வு மீட்டரில் கவ்விப் பார்க்கும்போது 3.5 ஆம்பியர் காட்டுகிறது என்று கொள்வோம். 230-ஆல் பெருக்கினால் 805 வருகிறது. ஆனால் மாறுமின்சாரத்தில் ஓடும் மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே கணத்தில் உச்சம் தொடுவதில்லை. அந்தப் பிசகுக்கான எண்தான் திறன்காரணி. அது 0.7 என்றால், மீட்டரில் ஏறும் திறன் சுமார் 560 வாட்தான். லோ வோல்டேஜிலும் மோட்டார் இஸ்திரிப் பெட்டிக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்: அதே பாரத்தை இழுக்க அதிக ஆம்பியர் எடுத்து, அதன் சுருள் கொதிக்கும்.

ஆம்பியர் கூடினால் வயரிலும் ஆபத்துதான். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வயரில் எழும் சூடு கிடைக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டருக்குத் தடை சுமார் 1 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் 9 வாட் சூடு; 10 ஆம்பியர் ஓடினால் 100 வாட். நீள வயரில் இது பரவிப்போகும். லூசான பிளக் முனையில் தடை அரை ஓம் என்றால்கூட, 4 ஆம்பியருக்கு 8 வாட் சூடு ஒரு பொட்டளவு இடத்தில் குவியும். பிளாஸ்டிக் உருக அது போதும். மரத்தறியும் நூலும் நிறைந்த கூடத்தில் தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

இனி பில். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆனது. மேலே சொன்ன 560 வாட் மோட்டார் தினம் எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 60 நாளில் சுமார் 269 யூனிட். 20 வாட் எல்.இ.டி. விளக்குக்குச் சுமார் 10. பழைய 75 வாட் ஃபேனுக்கு 36. மொத்தம் 315, இலவச வரம்பு தாண்டிவிட்டது. ஃபேனை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் 293-இல் நிற்கும்.

தறிக்கு மோட்டார் வாங்கும்போது தகட்டில் உள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வயரின் தடிமனை அதற்கேற்ப வயர்மேனிடம் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து சுவிட்சை அணைத்ததும் பிளக்கின் பிளாஸ்டிக் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் மாற்றும்வரை அதில் எதையும் ஓட்டாதீர்கள். அறுந்த ஜரிகைத் துணுக்குகளைச் சுவிட்ச் போர்டுப் பக்கம் சிதறவிடாதீர்கள். அவை நூல் அல்ல, மின்சாரத்துக்குக் கம்பிதான்.