பழைய அடுக்குமாடி மறுசீரமைப்பு: நிறுவனத்தின் நட்டம் நம் வாசலுக்கும் வரும்

பழைய அடுக்குமாடிகளை இடித்து, அதே நிலத்தில் உயரமான புதிய கட்டடம் எழுப்பும் பேச்சு கோலாலம்பூரில் அடிக்கடி எழுகிறது. தோட்டங்களை விட்டு நகருக்கு வந்த நம்மவர்கள் பலர் இத்தகைய வீடுகளில்தான் இருக்கிறார்கள். மேம்பாட்டு நிறுவனம் என்றாலே கொள்ளை லாபம் என்பது பொதுவான எண்ணம். ஆனால், இதில் முதலீட்டு ஆபத்துகளும் உண்டு. நிறுவனம் தடுமாறினால், வீட்டைக் காலி செய்து கொடுத்தவர்களும் பாதிக்கப்படுவார்கள்.

ஒப்புதல்

1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டப்படி, அடுக்குமாடியின் தனித்தனிப் பட்டாக்களை ரத்து செய்ய எல்லா உரிமையாளர்களும் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் திட்டம் நிற்கும். 2025 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா, 30 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடங்களுக்கு 75 விழுக்காடு, அதற்குக் குறைந்தவற்றுக்கு 80 விழுக்காடு, கைவிடப்பட்டவற்றுக்கு 51 விழுக்காடு ஒப்புதல் போதும் என்றது. எதிர்ப்பு வலுத்ததால் இரண்டாம் வாசிப்பு அந்த மாதம் ஒத்திவைக்கப்பட்டது. சட்டம் எப்படி மாறும் என்று தெரியாமல் பணம் போடுவதும் ஆபத்துதான்.

வட்டி

ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் காலத்திலும் வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 2022 தொடக்கத்தில் 1.75 விழுக்காடாக இருந்த ஓபிஆர், 2023 மே மாதம் 3 விழுக்காட்டை எட்டியது. இடையில் இரும்பு, சிமெண்ட் விலை ஏறினால் முதலில் போட்ட கணக்கு பொய்த்துவிடும்.

விற்பனை

உதாரணத்திற்கு, 300 பழைய வீடுகள் இருந்த இடத்தில் 900 வீடுகள் கட்டப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பழைய உரிமையாளர்களுக்கு 300 வீடுகள் இலவசமாகப் போய்விடும். மீதி 600 வீடுகளை விற்றுத்தான் மொத்தச் செலவையும் ஈடுகட்ட வேண்டும். அவை விலைபோகாவிட்டால் பணம் முடங்கும். ஸ்ட்ராட்டா வீடுகளைப் பொதுவாக 36 மாதங்களில் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால், வாங்கியவர்களுக்கு வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற விகிதத்தில் இழப்பீடு தர வேண்டும்.

இத்தனையையும் தாண்டி வெற்றிபெற்ற திட்டங்களும் உண்டு. 1960களில் எழுந்த சுங்கை பெசி ராசாக் மென்ஷன் குடியிருப்பாளர்கள், அருகில் கட்டப்பட்ட புதிய அடுக்குமாடிக்கு மாறினார்கள்.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

• நிறுவனத்துக்கு மேம்பாட்டாளர் உரிமம் உள்ளதா? முன்பு தொடங்கிய திட்டங்களை முடித்திருக்கிறதா?

• கட்டுமானம் முடியும்வரை வீட்டு வாடகையை யார் கட்டுவது? தாமதமானாலும் அது தொடருமா?

• நிறுவனம் நொடித்துப்போனால் திட்டத்தை முடிக்க வங்கி உத்தரவாதம் இருக்கிறதா?

• புதிய வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு?

பதில்கள் வாய்வார்த்தையாக இருந்தால் போதாது. ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து, நிறுவனம் காட்டும் வழக்கறிஞரை விட்டுத் தங்களுக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் சுமை பெரிதாக இருக்காது.