பழைய காருக்கு பூஸ்டர் மாட்டுகிறீர்களா? ஜோடி தப்பினால் ஆபத்து!

திருவண்ணாமலை ரமணாசிரமம் முன்பாகப் போகிறது செங்கம் ரோடு. சுமார் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் இந்த ரோடும் ஒரு பகுதி. கிருஷ்ணகிரி, பெங்களூர் போகும் வண்டிகளுக்கும் இதுவே வழி. பவுர்ணமி அன்று வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி விடுகிறார்கள். மற்ற நாட்களில் நிலைமை வேறு. மலையைப் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு நடப்பவர்கள் ஒரு பக்கம். சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பக்கம். நடுவே ஆட்டோ, பஸ், மாடு! இங்கே கார் ஓட்டுகிறவருக்கு என்ஜினை விட பிரேக்தான் முக்கியம்.

புதுக் கார் என்றால் கவலை இல்லை. பழைய அம்பாசடர், பியட், ஹெரால்டு கார்களைத் தூசி தட்டி ஓட்டுகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கால் பலமே பிரேக்

1950-களின் கடைசியில் வந்த அம்பாசடர் 2014-ல் நின்றுபோனது. தொடக்க கால வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது. டிரைவரின் கால் பலமே பிரேக்! முன்சக்கரத்துக்கு டிஸ்க், உதவிக்கு பூஸ்டர் என்பதெல்லாம் கடைசிக் காலத்து மாடல்களில் வந்த வசதி.

இப்போது பழைய காரை அழகு பார்த்து வைத்திருப்பவர்கள் பெருகி விட்டார்கள். 50 வயது தாண்டிய கார், மோட்டார் சைக்கிள்களுக்கு 'வின்டேஜ்' பதிவு தர 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி நம்பர். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். அந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றமும் செய்திருக்கக் கூடாது.

காரைப் புதுப்பிக்கிறவர், "பிரேக் கல்லு மாதிரி இருக்கே, ஒரு பூஸ்டர் மாட்டிடலாம்" என்று நினைப்பது சகஜம். சென்னை புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட கார் சாமான்கள் கிடைக்கும். பூஸ்டர் ஒரு காரில் இருந்து, மாஸ்டர் சிலிண்டர் இன்னொரு காரில் இருந்து. போல்ட் ஓட்டை பொருந்தினால் "வேலை முடிஞ்சுது" என்று மாட்டி விடுகிறார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது!

டப்பாவின் வேலை

பூஸ்டர் என்பது உருண்டையான தகர டப்பா. உள்ளே ரப்பர் திரை. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகும். பெடலை மிதித்ததும் திரையின் ஒரு பக்கம் வெளிக்காற்று புகுந்து தள்ளும். 7 அங்குல டப்பா, கணக்குப்படி சுமார் 170 கிலோ வரை தள்ளும். 9 அங்குலம் என்றால் சுமார் 285 கிலோ! இரண்டே அங்குலத்தில் இவ்வளவு வித்தியாசம்.

அந்தத் தள்ளலை வாங்கி, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு விரட்டுவது மாஸ்டர் சிலிண்டர். இதன் துவாரம்தான் முக்கியம். முக்கால் அங்குல சிலிண்டரை எடுத்துவிட்டு ஒரு அங்குலம் போட்டால், "பெரிசு, நல்லா பிடிக்கும்" என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். அதே மிதிக்கு முன்பு 100 பங்கு அழுத்தம் கிடைத்தது என்றால் இப்போது 56 பங்குதான் கிடைக்கும். பெடல் கட்டையாக இருக்கும். வண்டி நிற்காது!

ரொம்பச் சின்ன சிலிண்டர் போட்டாலும் தொல்லை. அழுத்தம் ஏறும். ஆனால் டிஸ்க் பிரேக்குக்கு வேண்டிய ஆயிலை ஒரே மிதியில் அனுப்ப முடியாது. பெடல் தரையைத் தொட்டு விடும்.

பெடலுக்கும் கணக்கு உண்டு. பூஸ்டர் இல்லாத காரில் கால் பலத்தைச் சுமார் 6 மடங்கு ஆக்கும் நீள பெடல் இருக்கும். பூஸ்டர் கார்களில் 4 மடங்கு போதும். பழைய பெடலை வைத்துக்கொண்டே பெரிய பூஸ்டர் மாட்டினால், தொட்டதும் சக்கரம் இறுகிக்கொண்டு வண்டி வழுக்கும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

ஒரு மில்லி மீட்டர்

பூஸ்டரில் இருந்து நீளும் கம்பிக்கும் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர், அல்லது அதற்கும் குறைவான இடைவெளி வேண்டும். கம்பி நீளம் கூடினால், காலை எடுத்த பிறகும் ஆயில் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே ஓடும். டிரம் கொதிக்கும். கடைசியில் சக்கரமே சிக்கிக்கொள்ளும். கம்பி குட்டையானால் பாதி மிதி வீணாகும். கம்பி நுனியில் சிறிது களிமண்ணை வைத்து சிலிண்டரைப் பொருத்திக் கழற்றினால், நசுங்கிய கனமே இடைவெளியைக் காட்டிவிடும். செலவு? ஒன்றும் இல்லை!

டிரம் பிரேக் சிலிண்டர் பலவற்றில் குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உண்டு. அந்தச் சிலிண்டரை டிஸ்க் பிரேக்குக்கு மாட்டினால், டிஸ்க் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

டீசல் மாற்றியவர்கள் கவனிக்க!

பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்த அம்பாசடர்கள் ஏராளம். டீசல் என்ஜின் அந்த வெற்றிடத்தைத் தானாகத் தராது. அதற்குத் தனி வாக்குவம் பம்ப் வேண்டும். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். பம்ப் இல்லாமல் பூஸ்டர் மாட்டினால் அது வெறும் தகர டப்பாதான்.

வீட்டிலேயே சோதனை

என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள். காலை அழுத்தி வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் கோளாறு.

பிரேக் ஆயில் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லையா? மாஸ்டர் சிலிண்டர் ஒழுகி பூஸ்டருக்குள் போகலாம். புகைக் குழாயில் வெள்ளைப் புகை வந்தால் சந்தேகம் வலுக்கும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப் போகும்!

பாதுகாப்பான வழி எது? பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், பெடல், சக்கர பிரேக் எல்லாமே ஒரே மாடல் காரின் செட்டாக வாங்குவது. கடைசிக் காலத்து அம்பாசடரின் முழு செட்டையே வாங்கினால் பாதித் தலைவலி தீரும். அது கிடைக்காவிட்டால், முதலில் சக்கர பிரேக்குக்கு ஏற்ற சிலிண்டர். பிறகு அதற்கு ஏற்ற பூஸ்டர். கடைசியில் கம்பி இடைவெளி. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பூஸ்டர் சரியாக அமையவில்லையா? பழையபடி டிரம் பிரேக்கையே புது வாஷர், புது லைனிங் போட்டுச் சீர்செய்து ஓட்டலாம். கம்பெனி ஜோடி சேர்த்துக் கொடுத்த பிரேக் அது. தப்பு ஜோடி பூஸ்டரை விட அது எவ்வளவோ மேல்!

வேலை முடிந்ததும் ஆள் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகு செங்கம் ரோட்டுக்கு வாருங்கள். அங்கே நடந்து போகிறவர்களுக்கு உங்கள் காரில் எந்த சிலிண்டர் இருக்கிறது என்று தெரியாது.