படகுக்கு ஆபத்து கடலில் அல்ல, கரையில்!

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. செங்கன்னூர் வட்டாரம் நீரில் தத்தளித்தபோது விழிஞ்ஞம், பூவாறு முதலிய கரைகளின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கேரளம் முழுவதிலும் 669 படகுகளில் சென்ற 4,537 மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதாகக் கணக்கு. படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும், சேதமான படகுகளுக்குப் பழுதுபார்க்கும் செலவும் வழங்கப்படும் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார்.

சேதம் ஏன் வந்தது? கடலலைக்கு ஈடுகொடுக்கும் வள்ளம், நீருக்குள் மறைந்த மதில்சுவரிலும் கேட் தூணிலும் மோதினால் தாங்காது. வண்டிக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள பத்தடித் தூரமும் அப்படித்தான். நெய்யாறு கடலில் சேரும் பூவாறு, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகில்தான் இருக்கிறது. விசைப்படகை டிரெய்லரில் கொண்டுபோய் இறக்கும் வேலை நம்மவர் யாருக்கும் வாய்க்கலாம். முறை தெரிந்திருப்பது நல்லது.

இறக்கும்போது

முதலில் வண்டியை நிறுத்தி, இறங்குமிடத்தை நடந்து பாருங்கள். பாசி, குழி, கல் எங்கே என்று தெரிய வேண்டும். நெடுந்தூரம் ஓடிவந்த டிரெய்லரின் பேரிங் சூடாக இருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் நீரை உள்ளே இழுத்துக்கொண்டு துருப்பிடிக்கும். சற்று ஆறவிடுங்கள்.

படகின் அடியிலுள்ள வடிகால் தக்கையை மறக்காமல் பூட்டுங்கள். அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கிவைத்து, பின்பக்கக் கட்டுகளை அவிழுங்கள். முன்பக்கக் கயிறு மட்டும் படகு மிதக்கும்வரை கட்டியே இருக்கட்டும். அதை முன்கூட்டி அவிழ்த்ததால் தரையில் சரிந்து அடிபட்ட படகுகள் உண்டு. வண்டியை மெதுவாகப் பின்னோக்கி விடுங்கள். படகு தானே மிதந்து எழும். விசிறி தரையில் தட்டாத ஆழம் வந்த பிறகே எஞ்சினை இறக்கி முடுக்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓட்டினால் எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பு சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும்.

ஏற்றும்போது

எஞ்சினை முடுக்கியே படகை டிரெய்லர்மேல் ஏற்றுவோர் உண்டு. விசிறி தள்ளும் நீர் சரிவின் அடிமணலை அரித்துக் குழியாக்கும். அடுத்து வரும் வண்டியின் சக்கரம் அதில் இறங்கும். எஞ்சினை நிறுத்தித் தூக்கிவைத்து, கயிற்றால் நேராக இழுப்பதே முறை. படகின் பாரம் நடு அடிக்கட்டையில் உட்கார வேண்டும், விலாவில் அல்ல.

மேலே வந்ததும் தக்கையைக் கழற்றி நீரை வடியுங்கள். 100 லிட்டர் நீர் என்றால் 100 கிலோ வீண்பாரம். உப்புநீரோ சேற்றுநீரோ, எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவாவிட்டால் அதன் ஆயுள் குறையும்.

டிரெய்லர் இல்லாமல் லாரியிலிருந்து இறக்கினால் எஞ்சினைத் தனியே கழற்றி இறக்குங்கள். பழைய டயரை அடியில் போட்டு, ஒருவர் குரலுக்கு எல்லோரும் ஒன்றாகத் தூக்குங்கள்.

வள்ளமும் எஞ்சினும் பெரும்பாலும் கடன்பட்டு வாங்கியவை. அடியில் ஒரு விரிசல் விழுந்தால், அதை அடைக்கும்வரை அந்த வீட்டுக்கு வருமானமில்லை. அது தெரிந்தேதான் அன்று முன்பின் அறியாத ஊருக்கு அவர்கள் படகைக் கொண்டுபோனார்கள். நாளை நம் தெருவிலேயே அப்படியொரு படகை இறக்க நேர்ந்தால், பதறாமல் கைகொடுப்போம்.