கட்டுப்பாட்டு அமைப்புக்கு வைக்கும் தேர்வுகள்

ஓர் உலையின் வெப்பநிலையையோ மோட்டாரின் வேகத்தையோ குறித்த அளவில் நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நாளை எத்தகைய கட்டளை வரும், எங்கிருந்து இடையூறு நேரும் என்பதை அதை வடிவமைப்பவர் முன்கூட்டி அறிய இயலாது. ஆகவே எளிய கணித வடிவம் கொண்ட சில உள்ளீடுகளைப் பொறியாளர்கள் சோதனைச் சைகைகளாக ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கு அமைப்பு தரும் மறுமொழியைக் கொண்டே அதன் இயல்பை மதிப்பிடுகின்றனர்.

இவற்றுள் மிகுதியும் பயன்படுவது, உள்ளீடு ஒரே கணத்தில் புதிய அளவுக்குத் தாவி அங்கேயே நிலைத்துவிடும் படிச் சைகையாகும். 100 டிகிரியில் நிற்கும் உலைக்கு 150 டிகிரி என்று கட்டளையை மாற்றும்போது, வெப்பநிலை 160 வரை ஏறிவிட்டுத் திரும்பினால், 50 டிகிரித் தாவலில் 10 டிகிரி, அதாவது 20 சதவீதம், இலக்கைத் தாண்டியதாகக் கணக்கு. தாண்டாமல் மெல்ல ஏறும் எளிய முதற்படி அமைப்பிலோ, மாற்றத்தின் 63.2 சதவீதம் நிறைவேற ஆகும் நேரமே கால மாறிலி எனப்படுகிறது. அமெரிக்கப் பொறியாளர்களான சீக்லரும் நிக்கோல்சும் 1942இல் வெளியிட்ட கட்டுரையில், படிச் சைகைக்குக் கிடைக்கும் வளைகோட்டின் தாமதத்தையும் சரிவையும் அளந்து கட்டுப்படுத்தியின் அமைவுகளைத் தீர்மானிக்கும் முறையைத் தந்தனர். அது இன்றும் பாடமாக இருக்கிறது.

ஆயினும் படிச் சோதனையின் அழகிய வரைபடத்தை மட்டும் கண்டு அமைப்பைப் பாராட்டுவது அவசரத் தீர்ப்பாகும். செயற்கைக்கோளைத் தொடர்ந்து திரும்பும் ஆண்டெனாவுக்கு வரும் கட்டளை தாவுவதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. சீராக ஏறும் அத்தகைய உள்ளீடு சாய்வுச் சைகை. பிழையைக் காலப்போக்கில் கூட்டிச் சேர்க்கும் தொகையீட்டு உறுப்பு ஒன்று உள்ள அமைப்பு, படிக் கட்டளையைப் பிழையின்றி எட்டினாலும், சாய்வுக் கட்டளைக்கு மாறாத ஓர் இடைவெளியில் பின்தங்கியே செல்லும். அவ்வுறுப்பு இரண்டு இருந்தால்தான் அந்த இடைவெளி மறையும். முடுக்கத்தோடு ஏறும் பரவளையச் சைகை இதைவிடக் கடினமான தேர்வு.

கணநேர அடியைக் குறிக்கும் கணத்தாக்குச் சைகை கணிதக் கற்பனையே என்றாலும், விசையை அளக்கும் சுத்தியலால் தட்டி அதற்கு நெருக்கமான சோதனையைச் செய்கின்றனர். சாய்வின் மாறுவீதம் படி, படியின் மாறுவீதம் கணத்தாக்கு என்பதால், காலத்தால் மாறாத நேரியல் அமைப்பில் ஒன்றின் மறுமொழி தெரிந்தால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் வால்வு முழுதும் திறந்து முட்டி நிற்குமளவு பெரிய படியைக் கொடுத்துப் பெற்ற வரைபடம், அந்நிலையில் அமைப்பு நேரியலாக நடக்காததால், இக்கணக்குக்கு உதவாது.