சீட்டும் இருக்கையும்

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திருமயம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். குறுக்கே பதின்மூன்றும் நெடுக்கே பதின்மூன்றுமாகக் கட்டங்கள் வரைந்து, ஏறத்தாழப் பாதிக்குப் பச்சை வர்ணம் தீட்டியிருந்தது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டுக்களை வைத்து ஆடலாம், எவற்றைக் கீழே போட்டுவிடவேண்டும் என்று கூறும் அட்டவணை அது. கைப்பேசி வழியே அதனை ஆடி, கல்லூரிக் கட்டணத்திற்கென்று தகப்பனார் கறவைமாட்டை விற்றுக் கொடுத்த பணம் முழுவதையும் அவர் இழந்திருந்தார். “அட்டவணையில் உள்ளபடியே ஆடினேன், ஐயா. பிழை எங்கே?” என்பது அவர் வினா. கண்டித்து அனுப்புதல் எளிது. ஆனால் வினா கணக்கைப் பற்றியதாயிருந்தமையின், கணக்காகவே விடை கூற முற்பட்டோம். அன்று கூறியதனையே ஈண்டு எழுதுகின்றோம்.

ஆட்டத்தின் அமைப்பு முதலிற் சொல்லத்தக்கது. இன்று பெருவழக்கிலுள்ள போக்கர் வகை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தின் பெயரால் வழங்குவது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் எல்லார்க்கும் பொதுவாக மேசைமீது முதலில் மூன்றும், பிறகு ஒன்றும், பிறகு ஒன்றுமாக ஐந்து சீட்டு விரிக்கப்படும். தம் இரண்டையும் பொதுவான ஐந்தையும் கூட்டி, அவ்வேழில் சிறந்த ஐந்தைக்கொண்டு வென்றவர் யாரென்று காண்பர். சீட்டு விரிக்குமுன் ஒருமுறையும், ஒவ்வொருமுறை விரித்தபின்னும் பந்தயம் நடைபெறும். பந்தயத்திற்கு ஈடு கொடாதவர் சீட்டைக் கீழே போட்டு விலகுதல் வேண்டும். ஆகவே முதல் இரண்டு சீட்டைப் பார்த்தவுடன் “ஆடுவதா, விலகுவதா?” என்பதே முதற்கேள்வி. அட்டவணை அதற்கு விடை கூறுவது.

ஐம்பத்திரண்டு சீட்டில் இரண்டை எடுக்கும் வகை 1,326. ஆயினும் இனத்தின் பெயர் இங்குப் பொருட்டன்று. ஸ்பேட் ஆயினும் ஆர்ட்டின் ஆயினும் மதிப்பு ஒன்றே. இரண்டும் ஒரே இனமா, வெவ்வேறா என்பது மட்டுமே காணத்தக்கது. அவ்வாறு சுருக்கினால் 1,326-உம் 169 ஆகிவிடும். அதுவே பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கி வந்த கட்டங்கள். மூலைக்கோட்டில் இருப்பவை ஜோடிகள். அதன் ஒருபுறம் ஒரே இனம், மறுபுறம் வெவ்வேறு இனம்.

இவ்விடத்தில் மாணவர் பலர் ஏமாறுவதுண்டு. கட்டங்கள் யாவும் ஒரே அளவாகத் தோன்றினும் அவற்றின் எடை ஒன்றன்று. ஒரு ஜோடி ஆறு வகையிலும், ஒரே இனத்து இரண்டு நான்கு வகையிலும், வெவ்வேறு இனத்து இரண்டு பன்னிரண்டு வகையிலும் வரக்கூடும். ஏதேனும் ஒரு ஜோடி கிடைப்பது பதினேழு முறைக்கு ஒன்று. இரண்டு ஆஸ் கிடைப்பதோ 221 முறைக்கு ஒன்று. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஒரே இனத்துச் சீட்டுக்களின் பெருமையும் பெரும்பாலும் தோற்றமே. முதல் மூன்று சீட்டு விரிந்தவுடன் அவை மூன்றும் நம் இனமாகவே அமைவது ஏறக்குறைய 119-இல் ஒருமுறைதான்.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்னும் அமெரிக்கர் இச்சீட்டுக்களைத் தரம் பிரித்துத் தொகுதிகளாக்கி 1976-இல் நூலொன்று வெளியிட்டார். பின்வந்த அட்டவணைகளுக்கு அதுவே வழிகாட்டி. தரங்களில் முதலாவது இரண்டு ஆஸ். கடைசியில் நிற்பது இனம் மாறிய ஏழும் இரண்டும். இரண்டு ஆஸ் வைத்திருப்பவர் எதிரி ஒருவரோடு இறுதிவரை ஆடினால் நூற்றுக்கு ஏறக்குறைய 85 முறை வெல்வர். எதிரிகள் ஒன்பதின்மராகி எல்லாரும் இறுதிவரை நின்றால் அவர் வெல்வது நூற்றுக்கு ஏறக்குறைய 31 முறைதான். சீட்டு ஒன்றே, வெற்றியின் அளவு வேறு. சீட்டின் மதிப்பு சீட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி இருக்கையைப் பற்றிக் கூறுவோம். நம் புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்ப் பாசனம் அறியாதார் இலர். தலைமடைக்காரன் முதலில் நீரெடுப்பான். கடைமடைக்காரன் மீதியை எதிர்பார்த்து வானத்தைப் பார்ப்பான். போக்கர் மேசையிலோ நேர்மாறு: கடைமடைக்கே ஆதாயம். கண்மாய் மீன்பாசி ஏலத்தைப் பார்த்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். முதலிற் கேட்பவன் பிறர் மனத்தை அறியாமற் கேட்கிறான். கடைசியிற் கேட்பவனோ எல்லாரும் கேட்டதையும் தயங்கியதையும் கண்டபின் வேண்டுமானால் ஒரு ரூபாய் ஏற்றுவான். வேண்டாவெனில் துண்டை உதறித் தோளிலிட்டு நடப்பான்.

கணக்காகவும் காட்டலாம். ஒன்பதின்மர் அமர்ந்த மேசையில், நூற்றுக்குப் பத்து வீதம் கிடைக்கும் உயர்ந்த சீட்டு ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். நாம் முதலிற் பேசவேண்டியவராயின் நமக்குப்பின் எண்மர் உளர். அவ்வெண்மரில் ஒருவரிடமும் அத்தகைய உயர்ந்த சீட்டு இல்லாதிருப்பது நூற்றுக்கு 43 முறையே. ‘பட்டன்’ எனப்படும் இருக்கையில் நாம் இருந்து, முன்னுள்ளோர் யாவரும் விலகிவிட்டால், எஞ்சியவர் இருவரே. அப்பொழுது அது நூற்றுக்கு 81 ஆகிறது. (ஒருவர் சீட்டு மற்றவர் சீட்டைச் சற்றுப் பாதிக்கும் என்பதை எளிமை கருதி விட்டுவிட்டோம்.) ஆகையால் அட்டவணை ஒன்றாயிருத்தல் இயலாது, இருக்கைதோறும் ஒன்று வேண்டும். முதலிருக்கையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வகைச் சீட்டுக்களையே ஆடத்தக்கவை என்பர். பட்டன் இருக்கையில் நாற்பதும் அதற்கு மேலும் ஆடலாம் என்பர்.

பட்டனுக்கு இடப்புறம் அமர்ந்த இருவர் சீட்டைப் பாராமலே சிறிதும் பெரிதுமாகப் பந்தயம் வைக்கக் கடமைப்பட்டவர். முதற்சுற்றில் கடைசியாகப் பேசுவோர் இவர்களே. ஆகவே நல்ல இருக்கை என்று எண்ணிவிடலாகாது. பொதுச்சீட்டு விரிந்தபின் வரும் மூன்று சுற்றிலும் முதலிற் பேசவேண்டியவரும் இவர்களே. பட்டனில் இருப்பவர் அம்மூன்றிலும் கடைசி.

நம் மாணவர் தாளை மறுபடியும் பார்த்தோம். அது பட்டன் இருக்கைக்குரிய அட்டவணை. அவர் அதனையே ஒன்பது இருக்கையிலும் வைத்து ஆடியிருந்தார்! பத்தும் எட்டும் கையிலேந்தி முதலிருக்கையில் பந்தயம் ஏற்றி, பின்னின்ற எண்மருக்கும் தம்மைக் காட்டிக்கொடுத்திருந்தார்.

“அப்படியானால், சரியான அட்டவணை இருந்திருந்தால் வென்றிருப்பேனா?” என்றார். கேட்கவேண்டிய கேள்வியே. மகாபாரதத்து நளன் சூதில் நாடிழந்தவன். இருதுபன்ன மன்னன் தேரிலிருந்தபடியே ஒரு தான்றிமரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்ல, நளன் இறங்கி எண்ணிப் பார்த்து வியந்து, தன் குதிரை வித்தையைக் கொடுத்து அவனிடம் அக்கணக்கு வித்தையைக் கற்றான்; பின்னரே இழந்த நாட்டை மீட்டான். கணக்குக் கற்றவன் வெல்வான் என்று அக்கதையால் கொள்ளலாமோ எனின், ஒரு வேறுபாடு உண்டு: நளன் ஆடிய களத்தில் தரகு பெறுவார் இல்லை.

பழைய சமஸ்தானத்தில் வழங்கிய அம்மன் காசைக்கொண்டு இதனைப் பார்ப்போம். (வழக்கொழிந்த காசாதலின் பந்தயம் வைக்க மிகவும் ஏற்றது.) ஒன்பதின்மர் ஆளுக்கு ஆயிரம் காசுடன் அமர்கின்றனர், மேசையில் மொத்தம் 9,000. ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரி நூறு காசு குவிகிறது. களம் நடத்துவோன் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்கிறான். ஒன்பதின்மரும் சமதிறமையுடையவராயின், இதே அளவில் ஆடிவர 1,800 ஆட்டத்தில் 9,000 காசும் அவன் பெட்டிக்குப் போய்விடும். அட்டவணையோ எல்லார்க்கும் இலவசமாகக் கிடைப்பது. எல்லாரிடமும் உள்ள ஆயுதம் ஒருவர்க்கும் ஆதாயம் தராது. மிக்க திறமையுடையார் சிலர் தரகையும் கடந்து வெல்வது உண்மையே. அத்திறமை வெளிப்பட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் செல்லும். அதுவரை தாங்குவதற்குக் கறவைமாட்டின் விலை போதாது.

சட்டத்தின் நிலையையும் குறிப்பிடுதல் நலம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டமாகி இணையச் சூதாட்டத்தைத் தடுத்த ஏற்பாட்டை அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாயினும், ரம்மியையும் போக்கரையும் திறமையாட்டமென்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டியாடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. நீதிபதிகள் கூறியவாறு ஆட்டத்தில் திறமை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. அத்திறமை யாருக்கு உழைக்கிறது என்பதே நம் ஐயம்.

1,800 என்னும் எண்ணை அவர் தாளின் பின்புறத்திலேயே எழுதிக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, “களம் நடத்துவோன் எந்த இருக்கையில் இருக்கிறான், ஐயா?” என்று கேட்டார். கட்டணம் தவணையாயிற்று, அவர் பட்டமும் பெற்றார். தாளை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. அது இன்னும் நம் மேசை அறையில் கிடக்கின்றது.