சுமையைப் பகிர்ந்த ஏழு பெண்கள்!

ஊட்டிக்குப் போனால் உடல் களைப்புத் தீரும். மனக் களைப்புத் தீருமா?

பிறருக்காக ஓயாமல் உழைப்பவர்களுக்கு ஒரு நாள் அந்தக் களைப்பு வரும். இரக்கம் வற்றிவிடும். குழந்தை அழுதாலும் மனம் அசையாது.

வெள்ளைக்காரர் ஆட்சியில் பாதிரிமார் கோடைதோறும் நீலகிரிக்கு வந்து இளைப்பாறினார்கள். மலை இறங்கியதும் அதே சுமைதான்!

திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், வேறொரு வழி கண்டார்கள்.

அயர்லாந்தில் பிறந்தவர் எமி கார்மைக்கேல் அம்மையார். 1901-ல், பொட்டுக் கட்டப்பட இருந்த சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு கைக்குழந்தைகளும் வந்தார்கள். இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும். சில குழந்தைகள் பிழைக்கவில்லை. எத்தனை துயரத்தை ஒருவர் தாங்க முடியும்?

ஏழு பேர்

1916-ல் அங்கே பணி செய்த தமிழ்ப் பெண்கள் ஏழு பேர் ஒன்று சேர்ந்தார்கள். கூடி ஜெபித்தார்கள். கூடிப் படித்தார்கள். தனித்தனியாகச் சுமந்த பாரம் பொதுவாயிற்று!

1931-ல் அம்மையார் தவறி விழுந்தார். 1951-ல் காலமாகும் வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். ஆனாலும் இல்லம் நடந்தது. சுமை ஒரே தோளில் இல்லையே!

நம் வீட்டில்?

படுத்த படுக்கையான மாமியாரை ஒரே மருமகள்தான் கவனிக்கிறாளா? இரவில் முறை வைத்து விழித்திருங்கள். மாலையில் கால் மணி நேரம் அவள் அருகில் உட்காருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். அவள் சொல்வதைக் கேளுங்கள்.

ஊட்டிக்குப் போக எல்லாருக்கும் வசதி இராது. கூடி உட்கார எல்லாராலும் முடியும்!